சென்னைக்குப் புதுசா வந்தவங்களுக்கு: இந்தப் பொங்கல் வாரத்துல எது உண்டு எது இல்ல, எங்க பாத்து தெரிஞ்சுக்கறது

இன்னைக்கு 2022 ஜனவரி 12, புதன்கிழமை. நாளைக்கு போகி, வெள்ளிக்கிழமை பொங்கல், சனிக்கிழமை மாட்டுப் பொங்கல், ஞாயித்துக்கிழமை காணும் பொங்கல், அதே ஞாயித்துக்கிழமை கொரோனாவுக்காக முழு ஊரடங்கு. வேலை கிடைச்சு இப்பதான் சென்னைக்கு வந்து வீடோ பிஜியோ எடுத்து தங்கியிருக்கற பசங்க பொண்ணுங்க எங்க தெருவுலயே நிறைய பேர் இருக்காங்க, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "அண்ணே கடை இருக்குமா பஸ் இருக்குமா, ஒருத்தர் இருக்குங்கறார், ஒருத்தர் இல்லைங்கறார்". ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஒருத்தர் 5ஆம் தேதி வந்த தமிழ்நாடு அரசோட ஊரடங்கு அறிவிப்ப வச்சு பேசறார், இன்னொருத்தர் 10ஆம் தேதி வந்தத வச்சு பேசறார். இந்த ரெண்டையும் சேத்து வச்சு படிச்சாதான் முழு விவரம் கிடைக்கும், அதனாலதான் இத உக்காந்து எழுதறேன்.

முதல் வேலை: நீங்க யாரோட ஆளுகைக்கு கீழ இருக்கீங்கன்னு பாருங்க

சென்னைன்னு அட்ரஸ்ல போட்டிருக்கும், பின்கோடு 600ல ஆரம்பிக்கும், ஆனா நீங்க சென்னை மாநகராட்சியிலதான் இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல. பெருநகர சென்னை மாநகராட்சிக்கு 15 மண்டலம், 200 வார்டு. வடக்க திருவொற்றியூர் முதல் மண்டலம், தெக்க சோழிங்கநல்லூர் 15ஆவது மண்டலம். பள்ளிக்கரணை உள்ள வரும், ஆனா அதே ரோட்ல இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா வர்ற மேடவாக்கம் ஊராட்சி, அது செங்கல்பட்டு மாவட்டம். ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) செம்மஞ்சேரி வரைக்கும் மாநகராட்சி, நாவலூர் சிறுசேரி கேளம்பாக்கம் எல்லாம் வெளிய. குரோம்பேட்டை பல்லாவரம் தாம்பரம் பக்கம் இருந்தா உங்களுக்கு தாம்பரம் மாநகராட்சி, அது போன நவம்பர்லதான் ஆரம்பிச்சுது. ஆவடிக்கு தனி மாநகராட்சி.

இது எதுக்குன்னா, ஊரடங்கு விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா தடுப்பூசி முகாம் எங்க, டெஸ்ட் எடுக்கற இடம் எங்க, குப்பை வண்டி வருமா, கறிக்கடை திறக்குமா இதெல்லாம் உள்ளாட்சி சமாச்சாரம். மேடவாக்கத்துல உக்காந்துகிட்டு சென்னை மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் போட்டு குப்பை எடுக்கலைன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டு ஓனர்கிட்ட சொத்து வரி ரசீது ஒரு போட்டோ கேளுங்க, மண்டலம் வார்டு ரெண்டும் அதுல இருக்கும். கவுன்சிலர் யாருன்னு தேடாதீங்க, 2016 அக்டோபரோட பழைய கவுன்சிலருங்க பதவிக்காலம் முடிஞ்சுது, அதுக்கப்புறம் இன்னும் தேர்தல் நடக்கல. இப்போதைக்கு அதிகாரிங்கதான் எல்லாம், வார்டு ஆபீஸ், மண்டல அலுவலகம், மேல கமிஷனர் ககன்தீப் சிங் பேடி.

ரெண்டாவது: யார் எதை சொல்றாங்க

மேல மத்திய அரசு, டெஸ்ட் யாருக்கு எடுக்கணும், எத்தனை நாள் தனிமை, தடுப்பூசி யாருக்கு, இத எல்லாம் அவங்க வழிகாட்டுதலா சொல்றாங்க. ஊரடங்கு, கடை நேரம், பஸ், ஸ்கூல், கல்யாணம், கோயில் எல்லாம் மாநில அரசு. முதலமைச்சர் பேர்ல செய்தி வெளியீடு வரும், செய்தி மக்கள் தொடர்புத் துறை வெளியிடும். அதுக்கு கீழ மாநகராட்சியும் கலெக்டரும் தங்க எல்லைக்குள்ள கூடுதலா போடுவாங்க, போன வருஷம் ஜூலை கடைசியில தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி கூட்டம் கூடற இடங்கள்ல கடைகளை சில நாள் மூட சொன்னது மாநகராட்சி உத்தரவுதான். இதெல்லாம் போக ரயில்வேக்கு தனி அறிவிப்பு. மாநில அரசு பேப்பர்ல தேடினா லோக்கல் ட்ரெயின் விதி முழுசா கிடைக்காது, தெற்கு ரயில்வே சொல்றததான் பாக்கணும்.

மூணாவது: அறிவிப்பு பேப்பரை படிக்கற விதம்

டிவியில ஓடற வரியையும் வாட்ஸப் கார்டையும் விட்டுட்டு அந்த பிடிஎஃப்ப எடுங்க, ரெண்டு மூணு பக்கம்தான் இருக்கும். மேல செய்தி வெளியீடு எண், தேதி. முதல் ரெண்டு பத்தி நோய்த்தொற்று நிலவரம், மருத்துவ வல்லுநர்களோட ஆலோசனைன்னு ஓடும், அத தாண்டிடுங்க. அதுக்கப்புறம் வர்ற ஒரு வரிதான் எல்லாரையும் குழப்பறது, ஏற்கனவே உள்ள கட்டுப்பாடுகள் 31ஆம் தேதி வரை தொடரும், அதோட கூடுதலா கீழ்க்கண்டவைன்னு இருக்கும். 10ஆம் தேதி பேப்பர்ல புதுசா இருக்கறது கொஞ்சம்தான், பழசுல இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணா திரும்ப எழுதியிருக்க மாட்டாங்க. இரவு ஊரடங்குல யாருக்கு விலக்குன்னு 10ஆம் தேதி பேப்பர்ல தேடிட்டு "ஒண்ணுமே இல்லையே, அப்ப எடுத்துட்டாங்க போல"ன்னு ஒரு பையன் என்கிட்ட சொன்னான். அது 5ஆம் தேதி பேப்பர்ல இருக்கு. ரெண்டையும் போன்ல சேவ் பண்ணி வச்சுக்கங்க.

இன்னொண்ணு, வருஷத்த பாருங்க. 2021 மே மாசம் 10ஆம் தேதியில இருந்து 24 வரைக்கும் முழு ஊரடங்கு போட்டாங்கல்ல, அந்த மாதிரி பழைய கார்டு எல்லாம் "நாளை முதல் 14 நாள் ஃபுல் லாக்டவுன்"னு மறுபடி சுத்த ஆரம்பிச்சிடும், தேதியில வருஷம் இருக்கற ஓரத்த மட்டும் வெட்டிட்டு அனுப்பறவங்க உண்டு. எண்ணும் தேதியும் இல்லாத எதையும் குடும்ப குரூப்ல போடாதீங்க, ஊர்ல அம்மா பயந்து போன் பண்ணுவாங்க.

இப்ப இந்த வாரம், நாள் வாரியா

தினமும் ராத்திரி 10 மணியில இருந்து காலையில 5 வரைக்கும் இரவு ஊரடங்கு, 6ஆம் தேதியில இருந்து நடக்குது. பால், பேப்பர், ஆஸ்பத்திரி, மெடிக்கல், ஏடிஎம், பெட்ரோல் பங்க், சரக்கு வண்டி இதுக்கெல்லாம் தடை இல்ல. வெளியூர் பஸ்ஸும் ஓடும். நைட் ஷிப்ட் போறவங்க, ஐடியோ ஃபேக்டரியோ, ஐடி கார்டும் தடுப்பூசி சர்டிபிகேட்டும் கையில வச்சிருக்கணும். 11 மணிக்கு கோயம்பேட்டுல பஸ்னா பயப்பட வேண்டாம், டிக்கெட்ட போன்ல திறந்து வச்சுக்கங்க, செக்போஸ்ட்ல கேட்டா காட்டினா போதும். ஆனா 10 மணிக்கு மேல ஆட்டோ தேடறது கஷ்டம், ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் ஸ்டாண்ட்ல உக்காந்துடறது நல்லது.

நாளைக்கு போகி. பழைய பாய் தலகாணிய எரிக்கறேன்னு டயரையும் பிளாஸ்டிக்கையும் சேத்து கொளுத்தறது இந்த ஊர்ல இன்னும் நிக்கல, மாசு கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் வேண்டாம்னு சொல்லுது. விடியக்காலையில புகை தரையோட படிஞ்சு நிக்கும். மூச்சு பிரச்சனை இருக்கறவங்க ஜன்னல சாத்திட்டு தூங்குங்க, காலை வாக்கிங் ஒருநாள் போகாட்டி ஒண்ணும் ஆகாது.

நாளை மறுநாள் வெள்ளி 14ல இருந்து 18 செவ்வாய் வரைக்கும் எல்லா வழிபாட்டுத் தலத்துலயும் பொதுமக்களுக்கு அனுமதி இல்ல. ஏற்கனவே வெள்ளி சனி ஞாயிறு மூடல்னு இருந்தது, இப்ப திங்களும் செவ்வாயும் சேந்துடுச்சு, ஏன்னா 18ஆம் தேதி தைப்பூசம். வடபழனி போகலாம்னு பிளான் போட்டிருந்தா நாளைக்கே போய்ட்டு வந்துடுங்க. உள்ள பூஜை நடக்கும், நமக்குதான் அனுமதி இல்ல. துணிக்கடையில 50 சதவீதம் பேர் இருக்கலாமாம், கோயில்ல ஒருத்தர்கூட வேண்டாமாம்னு பெரியவங்க கோவப்படறது எனக்கு புரியுது, துணிக்கடையில அந்த 50 சதவீதத்த யார் எண்ணறாங்கன்னும் தெரியல, ஆனா தைப்பூசக் கூட்டம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்தவங்களுக்கு இதுவும் புரியும்.

சமையல் பண்றவங்க இத கவனிங்க. சனிக்கிழமை 15ஆம் தேதி திருவள்ளுவர் தினம், மாநகராட்சி இறைச்சிக்கூடங்கள் எல்லாம் மூடல், கறிக்கடையும் இருக்காது. மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு. 18ஆம் தேதி வள்ளலார் நினைவு நாள், அன்னைக்கும் கிடையாது. அதனால மாட்டுப் பொங்கலுக்கு கறி வேணும்னா வெள்ளிக்கிழமையே வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுடணும். போன சனிக்கிழமை 8ஆம் தேதி காசிமேட்டுல மீன் வாங்க வந்த கூட்டத்த டிவியில பாத்திருப்பீங்க, ஞாயிறு மூடல்னு அறிவிச்சா சனிக்கிழமை ஊரே தெருவுல நிக்கும், இந்த சனியும் அப்படித்தான் இருக்கப் போகுது. காய்கறி மளிகைய நாளைக்குள்ள முடிச்சுக்கங்க. டாஸ்மாக் கேக்கறவங்களுக்கும் அதே தேதிங்கதான், 15, 16, 18 மூணு நாளும் மூடல், இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.

ஞாயிறு 16: மளிகை, காய்கறி, கறி, துணி எதுவும் கிடையாது. மாநகர பஸ் ஓடாது, மெட்ரோ ஓடாது. ஹோட்டல்ல பார்சல் மட்டும், காலை 7ல இருந்து ராத்திரி 10 வரைக்கும், சாப்பாடு டெலிவரி ஆப் வேலை செய்யும், ஆனா அமேசான்ல ஆர்டர் பண்ண செருப்பு அன்னைக்கு வராது. பிஜியில ஞாயித்துக்கிழமை சமையல்காரர் வரமாட்டார்னா சனிக்கிழமையே பிரெட்டும் முட்டையும் வாங்கி வச்சுடுங்க, போன ஞாயிறு முழு ஊரடங்கு அன்னைக்கு, 9ஆம் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு எங்க ஏரியாவுல திறந்திருந்த ஒரே ஹோட்டல் வாசல்ல டெலிவரி பசங்களே முப்பது பேர் நின்னாங்க, சாம்பார் சாதம் வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. காணும் பொங்கலுக்கு மெரினா போறது சென்னையில பெரிய பழக்கம், இந்த வருஷம் அது இல்ல. மத்த நாள்லயும் பீச்ல நடைப்பயிற்சிக்கு மட்டும்தான் அனுமதி, உக்காந்து சுண்டல் சாப்பிட இல்ல. கல்யாணம் இருந்தா பத்திரிகைய காட்டி போகலாம், 100 பேருக்கு மேல கூடாது. ட்ரெயினோ ஃப்ளைட்டோ புடிக்கணும்னா டிக்கெட் காட்டி போகலாம்.

லோக்கல் ட்ரெயின்

தாம்பரம், கும்மிடிப்பூண்டி, வேளச்சேரி எந்த லைனா இருந்தாலும், 10ஆம் தேதியில இருந்து 31 வரைக்கும் ரெண்டு டோஸ் சர்டிபிகேட் இருந்தாதான் புறநகர் ரயில்ல பயணம், சீசன் டிக்கெட்டுக்கும் அதே. கவுன்டர்ல டிக்கெட் கேக்கும்போதே சர்டிபிகேட்ட கேப்பாங்க. கோவின்ல (தடுப்பூசி பதிவு பண்ற அரசு வெப்சைட்) போய் டவுன்லோட் பண்ணி போன்ல வச்சுக்கங்க, டிஜிலாக்கர்லயும் கிடைக்கும். ஊர்ல முதல் டோஸ் ஒரு நம்பர்லயும் இங்க ரெண்டாவது டோஸ் வேற நம்பர்லயும் போட்டிருந்தா ரெண்டும் தனித்தனியா முதல் டோஸ்னு காட்டும், இந்த சிக்கல் வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்குதான் அதிகம் வருது. கோவின்லயே பிரச்சனைய பதிவு பண்ற பகுதி இருக்கு, அங்க ரெண்டு சர்டிபிகேட்டையும் ஒண்ணா சேக்க சொல்லி கொடுக்கலாம். இத லீவு நாள்ல உக்காந்து முடிச்சுடுங்க, திங்கக்கிழமை காலை 8 மணிக்கு ஸ்டேஷன்ல நின்னு முடிக்க முடியாது.

ஊருக்குப் போறவங்க

ஸ்பெஷல் பஸ் நேத்துல இருந்து நாளை வரைக்கும் ஓடுது, 75 சதவீத சீட்தான், நின்னுகிட்டு போறது இல்ல. எல்லா பஸ்ஸும் கோயம்பேட்டுல இருந்து கிளம்பாது, புதுசா வந்தவங்க மாட்டிக்கறது இங்கதான். திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில், சேலம், கோவை இதெல்லாம் கோயம்பேடு. திண்டிவனம் வழியா கும்பகோணம் தஞ்சாவூர்னா தாம்பரம் மெப்ஸ் பஸ் ஸ்டாண்ட். திருவண்ணாமலை, பண்ருட்டி பக்கம்னா தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் பஸ் ஸ்டாண்ட். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரை ரோடு) வழியா புதுச்சேரி கடலூர்னா கே.கே.நகர். வேலூர், ஆற்காடு, ஓசூர் பக்கம்னா பூந்தமல்லி. ஆந்திரா பக்கம்னா மாதவரம். டிக்கெட்ல ஏறற இடம்னு போட்டிருக்கும், அத படிச்சுட்டு வீட்ட விட்டு கிளம்புங்க.

திரும்பி வர்ற தேதிய முக்கியமா பாருங்க. நிறைய பேர் 16ஆம் தேதி ராத்திரிக்கு புக் பண்ணியிருப்பாங்க, அப்ப முழு ஊரடங்கு அறிவிக்கல. அரசு பஸ்ஸா இருந்தா உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்கான்னு பாருங்க, ஆம்னி பஸ்ஸா இருந்தா கம்பெனிக்கு நீங்களே போன் பண்ணி கேட்டுடுங்க. ட்ரெயின்ல 16ஆம் தேதி வந்து இறங்கினா சென்ட்ரல்லயும் எக்மோர்லயும் இறங்கினதும் பஸ் மெட்ரோ ரெண்டும் இருக்காதுங்கறத மனசுல வச்சுகிட்டு வண்டிக்கு ஏற்பாடு பண்ணுங்க.

மதுரை பசங்களுக்கு, ஜல்லிக்கட்டுக்கு 150 பார்வையாளர் அல்லது 50 சதவீத இடம், இதுல எது கம்மியோ அதுதான். ரெண்டு டோஸ் சர்டிபிகேட்டும் வேணும், ஆர்டி-பிசிஆர் நெகட்டிவும் வேணும். அலங்காநல்லூர் 16ல இருந்து 17க்கு மாத்திட்டாங்க, காரணம் அதே ஞாயிறு ஊரடங்கு. நேரா போய் கேலரியில ஏறலாம்னு நினைக்காதீங்க, வீட்ல டிவியில பாக்கறதுதான் இந்த வருஷம்.

பொங்கல் தொகுப்பு

4ஆம் தேதியில இருந்து ரேஷன் கடையில குடுக்கறாங்க, அரிசி கார்டுக்கு மட்டும், 2 கோடியே 15 லட்சம் கார்டு. போன வருஷம் 2,500 ரூபாய் பணம் குடுத்தாங்க, இந்த வருஷம் பணம் இல்ல, பொருள்தான், 21 பொருள். பச்சரிசி, வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய், நெய், பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து, ரவை, கோதுமை மாவு, உப்பு, புளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடுகு, சீரகம், மிளகு, துணிப்பை, ஒரு முழுக்கரும்பு. கடையில இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடி அங்கயே ஓரமா நின்னு பைய திறந்து எண்ணிடுங்க. கடுகு சீரகம் மிளகெல்லாம் கைக்கு அடங்கற சின்ன பாக்கெட், அரிசிக்கு அடியில போய்டும், வெல்லம் கையில ஒட்டற மாதிரி இளகியிருந்தா அப்பவே சொல்லி மாத்தி கேளுங்க, வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்து புலம்பி பிரயோஜனம் இல்ல.

உங்க கார்டு ஊர்ல இருக்கா, தொகுப்பு ஊர்லதான், டோக்கன் அந்த கடையில இருந்துதான் வரும். பொங்கலுக்கு போகும்போது அப்பா அம்மா வாங்கிட்டாங்களான்னு கேட்டுக்கங்க, வரிசையில நிக்க அவங்கள விடாதீங்க, நீங்க போய் நில்லுங்க.

தடுப்பூசி

3ஆம் தேதியில இருந்து 15 முதல் 18 வயசு வரைக்கும் கோவேக்சின் போடறாங்க, 2007லயோ அதுக்கு முன்னயோ பிறந்திருக்கணும். 10ஆம் தேதியில இருந்து மூணாவது டோஸ், மருத்துவப் பணியாளர், முன்களப் பணியாளர், 60 வயசு தாண்டி வேற நோய் இருக்கறவங்க, இவங்களுக்கு மட்டும், ரெண்டாவது டோஸ் போட்டு 39 வாரம் முடிஞ்சிருக்கணும். ஊருக்குப் போற நீங்க அம்மா அப்பா சர்டிபிகேட்ட எடுத்து ரெண்டாவது டோஸ் தேதிய பாத்து எண்ணுங்க, அவங்களா பாக்க மாட்டாங்க. போடறதும் அதே கம்பெனி ஊசிதான், மாத்தி போட மாட்டாங்க.

ஜுரம் வந்தா

வீட்ல தனியா இருக்கற பசங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, ஜுரம்னா டோலோ மாத்திரை போட்டுகிட்டு ஊருக்கு பஸ் ஏறாதீங்க. டெஸ்ட் குடுங்க, மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், தனியார் லேப்ல அரசு கட்டி வச்ச ரேட்தான் வாங்கணும். டெஸ்ட் குடுக்கும்போது இப்ப தங்கியிருக்கற அட்ரஸ குடுங்க, ஆதார்ல இருக்கற ஊர் அட்ரஸ எழுதினா தகவல் அந்த மாவட்டத்துக்கு போய்டும், இங்க உங்கள தேடி யாரும் வரமாட்டாங்க, போன் அங்க இருந்து வரும், அம்மா எடுப்பாங்க.

பாசிட்டிவ்னா மண்டலத்துல இருந்து போன் வரும், வயசு, வேற நோய், ஆக்சிஜன் அளவு கேப்பாங்க, தேவைப்பட்டா ஸ்கிரீனிங் சென்டருக்கு வரச் சொல்லி பாத்துட்டு வீட்லயே இருக்கலாமா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க. வீட்ல இருக்கணும்னா தனி ரூம், தனி பாத்ரூம் வேணும். ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கற பிஜின்னா அத வெக்கப்படாம சொல்லுங்க, கோவிட் கேர் சென்டர்ல இடம் குடுப்பாங்க. இந்த மாசம் வந்த மத்திய அரசு விதிப்படி பாசிட்டிவ் வந்து 7 நாள், அதுல கடைசி 3 நாள் ஜுரம் இல்லேன்னா தனிமை முடிஞ்சுது, திரும்ப டெஸ்ட் எடுக்க தேவையில்ல. சில ஆபீஸ்ல நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டா, சில ஹவுஸ் ஓனர் 14 நாள்னு அடம் புடிப்பாங்க, அவங்ககிட்ட அந்த வழிகாட்டுதல அனுப்பிடுங்க. ரூம்மேட்டுக்கு அறிகுறி இல்லேன்னா, வயசோ வேற நோயோ இல்லாத பட்சத்துல, அவனுக்கு டெஸ்ட் கட்டாயம் இல்ல, ஆனா ஊருக்கு போய் தாத்தா பாட்டி பக்கத்துல உக்காரவும் வேண்டாம்.

ஆக்ஸிமீட்டர்ல ஆக்சிஜன் அளவு 93க்கோ அதுக்கு கீழயோ இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, 3 நாள் தாண்டியும் ஜுரம் விடலேன்னாலோ காத்திருக்காதீங்க, 108. சந்தேகம் கேக்கணும்னா 104. சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ளன்னா 1913, லைன் உடனே கிடைக்காது, விடாம போடுங்க. உபயோகிச்ச மாஸ்க், டிஷ்யூ, மருந்து கவர் எல்லாத்தையும் தனி பையில கட்டி, குப்பை எடுக்க வர்ற அம்மாகிட்ட வாயால சொல்லி குடுங்க, சமையல் குப்பையோட கலக்காதீங்க, அவங்க கையாலதான் பிரிக்கறாங்க.

இப்ப இருக்கற கட்டுப்பாடு எல்லாம் 31ஆம் தேதி வரைக்கும்தான். ஸ்கூல், அடுத்த ஞாயிறு 23ஆம் தேதி, இரவு ஊரடங்கு இதெல்லாம் நடுவுலயே மாறலாம், போன அறிவிப்பு ரெண்டும் அஞ்சு நாள் இடைவெளியில வந்துச்சு. ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு தடவ புது செய்தி வெளியீடு வந்திருக்கான்னு பாத்துட்டு பையக் கட்டுங்க.